யூரின் லீக்குக்கு கர்ப்பப்பையை எடுக்கணுமா? மேலூர் தங்கச்சிக்கு ஒரு பதில்

மேலூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க, வயசு 47, பள்ளிக்கூட சத்துணவு மையத்துல சமையலரா இருக்காங்க. ரெண்டு பிள்ளைங்க, மூத்தது ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், பிள்ளை எடை 3 கிலோ 800. நாலு வருஷமா இருமுனா, தும்முனா, சோத்து அண்டாவ தூக்குனா யூரின் லீக் ஆகுது. ஒரு வருஷமா இன்னொண்ணும் சேந்துக்கிச்சு, குழாய்ல தண்ணி விழுற சத்தம் கேட்டாலே முட்டிக்கிட்டு வருது, பாத்ரூம் வாசல் போறதுக்குள்ள உள்பாவாடை நனைஞ்சுருது. சாயங்காலம் ஆனா அடியில ஏதோ கனமா இறங்குற மாதிரி இருக்காம். ஸ்கேன்ல கர்ப்பப்பையில 2 செ.மீ. அளவுக்கு ஒரு கட்டி தெரிஞ்சிருக்கு, "அதான் காரணம், எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும், இனிமே அது எதுக்கு உங்களுக்கு"னு ஒரு இடத்துல சொல்லியிருக்காங்க, இவங்களும் பணம் புரட்டிக்கிட்டு இருக்காங்க. எடுத்துரலாமா, எடுத்தா இது நிக்குமா, எடுக்காம வேற வழி இருக்கா, இதான் கேள்வி. கடைசி பக்கத்துல ஓரமா, மக இப்ப 7 மாசம் கர்ப்பமா இருக்கா, அவளுக்கும் என்னைய மாதிரி ஆயிருமானு கேட்டுருக்காங்க.

தங்கச்சி, மொதல்ல பணம் புரட்டுறத நிறுத்துங்க. யூரின் லீக்குக்கு கர்ப்பப்பையை எடுக்குறது வைத்தியமே இல்ல. நான் மதுரையில 18 வருஷமா பிசியோதெரபி பாக்குறேன், அதுல பாதிக்கு மேல இந்த பிரச்சனையோட வர்ற பொம்பளைங்கதான், அதுல எத்தனையோ பேரு ஏற்கனவே கர்ப்பப்பையை எடுத்துட்டு, தழும்போட, அதே லீக்கோட வந்து உக்காந்துருக்காங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். எடுக்குறதுக்கு முன்னாடி ஒருத்தராவது இவங்கள இருமச் சொல்லிப் பாத்தாங்களா, எப்பப்ப லீக் ஆகுதுனு கேட்டாங்களானு விசாரிச்சா, இல்லனுதான் சொல்லுவாங்க.

இது என் கோவம் மட்டும் இல்ல. ஸ்வீடன்ல லட்சக்கணக்கான பெண்களோட ஆஸ்பத்திரி பதிவேட்ட வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து 2007-ல ஒரு ஆய்வு வந்துச்சு. சாதாரண காரணத்துக்கு, அதாவது கேன்சர் இல்லாம, கர்ப்பப்பையை எடுத்தவங்களுக்கு பின்னாடி யூரின் லீக்குக்குனே தனியா ஆபரேஷன் தேவைப்படுறது, எடுக்காதவங்கள விட ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. காரணம் என்னன்னா, அந்த இடத்துல கர்ப்பப்பை, யூரின் பை, மலக்குடல் மூணும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு, சதையாலயும் ஜவ்வாலயும் கட்டுப்பட்டு இருக்கு, நடுவுல இருக்குறத உருவுனா அக்கம்பக்கத்து பிடிமானமும் நரம்பும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். உங்களுக்கு இருக்குற 2 செ.மீ. கட்டி யூரின் பைய அழுத்துற அளவே இல்ல. 40 தாண்டுன பெண்கள்ல நிறைய பேருக்கு அந்த மாதிரி கட்டி இருக்கும், அதிகப்படியா உதிரப்போக்கு இல்லனா வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்து பாத்துக்கிட்டா போதும், தீட்டு நின்ன பிறகு பெரும்பாலும் அதுவா சுருங்கிரும். மாசா மாசம் போக்கு சரியாத்தான் இருக்குனு நீங்களே எழுதியிருக்கீங்க.

அப்ப எங்க கோளாறு? வீட்டுல புள்ளைக்கு சேலையில தூளி கட்டுவோம்ல, அது மாதிரி நம்ம இடுப்புக்கு அடியில ஒரு சதை தூளி இருக்கு. முன்னாடி அடிவயித்துக்கு கீழ இருக்குற எலும்புல ஒரு முனை, பின்னாடி வால் எலும்புல ஒரு முனை. இதத்தான் பெல்விக் ஃப்ளோர்னு சொல்றது. யூரின் பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அந்த தூளி மேலதான் உக்காந்துருக்கு, மூணோட வாசலும் அந்த தூளியைத் தாண்டித்தான் வெளிய வருது. இருமும்போது வயித்துக்குள்ள அழுத்தம் கூடும், அந்த நொடியில இந்த சதை இறுகி யூரின் போற குழாய கீழ இருந்து தாங்கிப் புடிக்கணும். பொம்பளைங்களுக்கு அந்த குழாய் சுமாரா 4 செ.மீ. நீளந்தான், அதனால தாங்குற சதை கொஞ்சம் தொய்ஞ்சாலும் சொட்டிரும்.

உங்க தூளி எப்ப தொய்ஞ்சதுனு உங்க லெட்டர்லயே இருக்கு. ஆயுதம் போட்டு எடுக்குற பிரசவத்துல, அதுவும் புள்ள எடை கூட இருந்தா, அந்த சதை எலும்புல ஒட்டியிருக்குற இடத்துலயே பிஞ்சு விடுற வாய்ப்பு சாதாரண பிரசவத்த விட கூட. அப்ப அந்த ஆயுதம் உங்க புள்ளையவும் உங்களையும் காப்பாத்துறதுக்காக போட்டதா இருக்கலாம், அதுல யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா பிரசவம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப அந்த சதையைத் தேத்துறதுக்கு ஒரு பயிற்சி இருக்குனு யாராவது உங்களுக்கு சொல்லியிருக்கணும். பிரசவ மருந்தும் பத்தியமும் குடுத்தோம், வயித்துல துணிய இறுக்கிக் கட்டுனோம், அடியில இருக்குற சதையப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சின்ன வயசுல மத்த சதைங்க சேந்து சமாளிச்சுருச்சு, 40-க்கு மேல ஹார்மோன் குறைய ஆரம்பிச்சதும், 20 வருஷமா அண்டா தூக்குனதும், அடுப்புப் புகையில இருமுனதும், எடை கூடுனதும் சேந்து இப்ப தெரிய வருது. நீங்க அழுக்கா இருக்கீங்கனோ, ஒழுங்கா அடக்கத் தெரியலனோ இது வரல. அந்த வார்த்தைய லெட்டர்ல படிச்சப்ப எனக்கு கஷ்டமா போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். உங்களுக்கு இருக்குறது ஒரு லீக் இல்ல, ரெண்டு. இருமுனா, தூக்குனா சொட்டுறது ஒண்ணு, அது தாங்குற சதையோட பிரச்சனை. குழாய் சத்தம் கேட்டதும் முட்டிக்கிட்டு வர்றது வேற, அங்க யூரின் பையே நம்மளக் கேக்காம தானா சுருங்குது, பை பாதி கூட ரொம்பியிருக்காது, ஆனா இப்பவே போகணும்னு மூளைக்கு மணி அடிச்சுரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, மாத்திரையும் வேற, ஆபரேஷனும் வேற. எது எவ்வளவுனு தெரியாம எத செஞ்சாலும் பாதி லீக் நிக்கும், பாதி நிக்காது.

அதத் தெரிஞ்சுக்க பெரிய மிஷினு எதுவும் வேணாம். ஒரு பழைய பிளாஸ்டிக் மக் எடுத்து, 100 மில்லி 100 மில்லியா தண்ணி ஊத்தி மார்க்கர்ல கோடு போட்டு பாத்ரூம்ல தனியா வையுங்க. மூணு நாள், எத்தன மணிக்குப் போனீங்க, எவ்வளவு போச்சு, எப்ப லீக் ஆச்சு, அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, என்ன குடிச்சீங்க, இம்புட்டுதான், ஒரு நோட்டுல எழுதுங்க. வேலைக்குப் போற நாள் ரெண்டும் வீட்டுல இருக்குற நாள் ஒண்ணும் இருந்தா நல்லது, மையத்துல அளக்க முடியலனா மணிய மட்டும் குறிச்சா போதும். பொதுவா ஒரு தடவைக்கு 300-ல இருந்து 500 மில்லி வரைக்கும் பை தாங்கும், பகல்ல 7, 8 தடவைக்குள்ள, ராத்திரி ஒரு தடவை எந்திரிக்கிறது சாதாரணம். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் 100, 150-தான் வருதுனா பை அவசரப்படுதுனு அர்த்தம். ஒரு நாளைக்கு மொத்தமா 3 லிட்டருக்கு மேல போகுதுனா பை மேல பழி போடக்கூடாது, சுகர் இருக்கானு பாக்கணும். நான் நோட்டு எழுதச் சொன்ன ஒரு அக்காவுக்கு மூணு நாள் கணக்கைப் பாத்துட்டு சுகர் டெஸ்ட்டுக்கு அனுப்புனேன், சாப்பாட்டுக்கு முன்னாடியே 260, அவங்களுக்கு சுகர் இருக்குறதே அன்னைக்குத்தான் தெரியும்.

கூடவே மேலூர் அரசு ஆஸ்பத்திரிலயே யூரின் டெஸ்ட்டும் சுகரும் பாத்துருங்க. யூரின்ல கிருமி இருந்தா அதுவே இந்த அவசரத்தக் குடுக்கும், அத சரி பண்ணாம மத்தது எதுவும் வேலை செய்யாது. நீங்க பிரஷருக்கு மாத்திரை போடுறீங்கனு எழுதியிருக்கீங்க, பேரு எழுதல, அந்த அட்டைய டாக்டர்கிட்ட காமிங்க, சில பிரஷர் மாத்திரை யூரின கூட்டிவிடும், சிலது அந்த குழாய் வாசலையே தளர்த்தி விட்டுரும், மாத்திக் குடுத்தா பாதி குறையலாம். நீங்களா நிறுத்திராதீங்க. இன்னொண்ணு, யூரின் போன பிறகு பையில மிச்சம் எவ்வளவு நிக்குதுனு ஒரு சின்ன ஸ்கேன் உண்டு, வலியில்லாத ஸ்கேன், அத கேட்டு எடுத்துக்கங்க.

இனி பயிற்சி. இத சொல்லிக் குடுக்கத்தான் நான் இவ்வளவு நேரம் எழுதிக்கிட்டு இருக்கேன்.

அமெரிக்காவுல ஆர்னால்ட் கெகல்னு ஒரு மகப்பேறு டாக்டர், 1948-ல இந்த சதையை பயிற்சியாலயே தேத்தலாம்னு எழுதுனாரு, அதனாலதான் இன்னைக்கும் கெகல் எக்சர்சைஸ்னு பேரு. அதுக்கு அப்பறம் எத்தனையோ ஆய்வு வந்து, 2018-ல எல்லாத்தையும் ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, இருமுனா தும்முனா லீக் ஆகுற பெண்கள்ல இந்த பயிற்சி செஞ்சவங்கள்ல 100-க்கு 56 பேரு எனக்கு சரியாயிருச்சுனு சொன்னாங்க, எதுவும் செய்யாதவங்கள்ல 100-க்கு 6 பேருதான். கத்தி இல்ல, மருந்து இல்ல, செலவு இல்ல.

ஆனா சரியா செய்யணும், அங்கதான் நிறைய பேரு தப்பு விடுறாங்க. வாயால மட்டும் சொல்லி செய்யச் சொல்லிப் பாத்ததுல, கால்வாசி பெண்கள் மேல இழுக்குறதுக்கு பதிலா கீழ முக்குறாங்கனு 1991-ல ஒரு ஆய்வுல பாத்தாங்க, முக்குனா லீக் கூடத்தான் செய்யும். அதனால மெதுவா படிங்க. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி வச்சுக்கங்க. கூட்டத்துல உக்காந்துருக்கும்போது காத்து பிரியப் பாக்குது, அத விடாம உள்ள இழுத்து அடக்குவீங்கல்ல, அந்த இழுப்புதான். பின்னாடி வாசல் மூடி, அப்படியே முன்னாடி வரைக்கும் மேல உள்ள தூக்குற மாதிரி இருக்கணும். அப்ப பிட்டம் இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்ச அடக்கக் கூடாது, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு எதுவுமே தெரியக்கூடாது. சந்தேகமா இருந்தா ஒரு கைக்கண்ணாடிய வச்சுப் பாருங்க, சரியா செஞ்சா அந்த இடம் உள்ள போகும், வெளிய பிதுங்குனா முக்குறீங்கனு அர்த்தம். நம்ம உடம்ப நாமளே பாக்குறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல தங்கச்சி.

புடிபட்டதும், இழுத்து 5 எண்ணுற வரைக்கும் வச்சுருங்க, அப்பறம் முழுசா விட்டுட்டு அதே 5 எண்ணிக்கை ஓய்வு. விடுறதும் பயிற்சிதான், அத யாரும் கண்டுக்குறதில்ல. இப்படி 8 தடவை, அப்பறம் டக்கு டக்குனு இழுத்து விடுறது 8 தடவை. இத ஒரு நாளைக்கு மூணு வேளை. கொஞ்சங் கொஞ்சமா 5 எண்ணுறத 10 வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போங்க, படுத்து செய்யுறது சுலபமானதும் உக்காந்து, அப்பறம் நின்னுக்கிட்டு. காலையில எந்திரிக்கும்போது ஒண்ணு, மதியம் புள்ளைங்க சாப்ட்டுப் போனதும் ஒண்ணு, ராத்திரி படுக்கும்போது ஒண்ணு, அப்படி ஏதாவது ஒரு வேலையோட கோத்து வச்சுக்கிட்டா மறக்காது. ஒண்ணுக்கு போகும்போது பாதியில நிறுத்தி நிறுத்தி பழகச் சொல்லி யாராவது சொன்னா செய்யாதீங்க, பை முழுசா காலியாகாம மிச்சம் நின்னு கிருமி சேரும். மூணு மாசம் விடாம செய்யணும். மூணாவது வாரத்துலயே ஒண்ணும் தெரியலனு விட்டவங்கதான் அதிகம், சதை தடிக்கிறதுக்கு நாள் ஆகும், ஆறாவது வாரத்துக்கு மேலதான் பேடு மாத்துறது குறையுதேனு தெரிய ஆரம்பிக்கும்.

அண்டா விஷயத்துக்கு வருவோம். தூக்குறதுக்கு ஒரு நொடி முன்னாடி அந்த சதைய இழுத்துக்கங்க, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே தூக்குங்க, இறக்கி வச்சதும் விடுங்க. இருமல் வர்றது தெரிஞ்சதும் மொதல்ல இழுப்பு, அப்பறம் இருமல். இத மட்டும் வயசான பெண்களுக்கு ஒரே வாரம் பழக்கிப் பாத்த ஒரு ஆய்வு 1998-ல வந்துச்சு, இருமும்போது ஆகுற லீக்ல பெரும்பகுதி குறைஞ்சுருச்சு. ஆனாலும் சோறு வடிக்கிற அண்டாவ ஒத்த ஆளா தூக்காதீங்க, உதவியாளர ஒரு பக்கம் புடிக்கச் சொல்லுங்க, பாதிப் பாதியா கோரி மாத்துங்க. உங்க அமைப்பாளர்கிட்ட இத உடம்பு விஷயமா தைரியமா சொல்லலாம், முதுகு வலினாலும் அதான் செய்யச் சொல்லுவாங்க.

முட்டிக்கிட்டு வர்றதுக்கு வேற பழக்கம் வேணும். குழாய் சத்தம் கேட்டு முட்டுதுனதும் நாம ஓடுறோம், ஓடுறதுதான் தப்பு, ஓடும்போது வயிறு குலுங்கும், பயம் கூடும், பை இன்னும் சுருங்கும். நின்ன இடத்துலயே நில்லுங்க, முடிஞ்சா உக்காருங்க, அந்த டக்கு டக்கு இழுப்ப ஒரு 6 தடவை செய்ங்க, கால் விரல மடக்கி மடக்கி நீட்டுங்க, மூச்ச மெதுவா விடுங்க. அல மாதிரி ஏறி வந்து ஒரு நிமிஷத்துக்குள்ள இறங்கும், இறங்குனதும் நடந்து போங்க. இதோட, உங்க நோட்டுல இப்ப ஒண்ணேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை போறீங்கனு தெரிஞ்சா, அடுத்த வாரம் ஒன்றரை மணி நேரம், அதுக்கு அடுத்த வாரம் இன்னும் 15 நிமிஷம், இப்படி தள்ளிக்கிட்டே போய் மூணு மணி நேரத்துக்குக் கொண்டாந்துரணும். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு தடவை, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்குனதும் எதுக்கும் ஒரு தடவைனு வராமலே போறது, பைக்கு கொஞ்சம் ரொம்புனாலே கூப்புடுற கெட்ட பழக்கத்தக் குடுத்துரும்.

தண்ணிய நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க, காலையில 9 மணிக்கு மேல சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கிறதில்லனு. அடுப்பு முன்னாடி நிக்கிற ஆளு, அதுவும் நம்ம ஊரு வெயில்ல, அப்படி இருக்கவே கூடாது தாயி. யூரின் கெட்டியாகி மஞ்சளா போனா அதுவே பைய உறுத்தி இன்னும் முட்டும், நீர்க்கடுப்பு வரும், கல்லு சேரும். ஒண்ணரையில இருந்து ரெண்டு லிட்டர், வேர்வைக்கு தகுந்த மாதிரி கூட, மடக்கு மடக்கா பகல் பூரா பிரிச்சு குடிங்க, ராத்திரி படுக்க ரெண்டு மணி நேரம் முன்னாடி குறைச்சுக்கங்க. குறைக்க வேண்டியது டீ. ஒரு நாளைக்கு 6 டீ ரொம்ப அதிகம், ரெண்டாக்குங்க, மத்த நேரத்துக்கு மோரு, நீராகாரம், சீரகத் தண்ணி.

மலச்சிக்கல் இருக்கானு நீங்க எழுதல, ஆனா தண்ணி குடிக்காத ஆளுக்கு இல்லாம இருக்காது. தெனமும் முக்குறது அந்த தூளிய தெனமும் கீழ தள்ளுறதுதான். கீரை, கொய்யா, அவரை, தோலோட பயறு, இதெல்லாம் சேத்துக்கங்க. எடை 76 கிலோனு எழுதியிருக்கீங்க, உயரம் 5 அடி. எடை கூடுன பெண்கள்ல சுமாரா 8 சதவீதம் எடைய குறைச்சவங்களுக்கு ஆறு மாசத்துல வாரத்துக்கு ஆகுற லீக் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சதா 2009-ல ஒரு நல்ல ஆய்வு வந்துருக்கு, உங்க கணக்குக்கு அது 6 கிலோ. முடியாத இலக்கு இல்ல. இருமலுக்கு தனியா நெஞ்சு டாக்டரப் பாருங்க, புகையில வர்ற இருமல்னு விட்டுறாதீங்க, ஆஸ்துமாவா இருந்தா இன்ஹேலர்ல அடங்கிரும், இருமல் அடங்கும்போது லீக்கும் அடங்கும்.

அடியில இறங்குற மாதிரி இருக்குறத டாக்டர் கையால பாத்தாத்தான் சொல்ல முடியும். சாயங்காலம் மட்டும் கனம், படுத்தா சரியாகுது, வெளிய எதுவும் தட்டுப்படலனு எழுதியிருக்கீங்க, அத வச்சுப் பாத்தா ஆரம்ப நிலை இறக்கமா இருக்க வாய்ப்பு. அதுக்கும் இதே பயிற்சிதான் மொதல் வைத்தியம். இன்னும் இறங்குனா உள்ள வைக்கிற ரிங் ஒண்ணு இருக்கு, பெசரினு பேரு, சிலிக்கான்ல வளையம் மாதிரி, அளவு பாத்து வச்சா இறங்குற உறுப்ப தாங்கிக்கிட்டு நிக்கும், டாக்டர் சொல்ற நாளுக்கு ஒரு தடவை எடுத்து கழுவி வைக்கணும். ஆபரேஷன் வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு, உடம்பு தாங்காத வயசானவங்களுக்கு அது பெரிய உதவி, ஏனோ நம்ம பக்கம் அத யாரும் மொதல்ல சொல்றதில்ல. முழுசா வெளிய தள்ளி நிக்கிற இறக்கத்துக்கு ஆபரேஷன் தேவைப்படலாம், அப்ப சிலருக்கு கர்ப்பப்பையையும் எடுப்பாங்க, அது நியாயமான காரணம், ஆனா அப்பவும் எடுத்த பிறகு மேல் பகுதிய நல்லா தூக்கிக் கட்டுவீங்களானு கேக்கணும், கட்டலனா மிச்சம் இருக்குறதும் பின்னாடி இறங்கிரும். கர்ப்பப்பைய வச்சுக்கிட்டே மேல தூக்கிக் கட்டுற ஆபரேஷனும் இருக்கு, நம்ம நாட்டுல பம்பாய் டாக்டர் ஷிரோத்கரே அப்படி ஒரு முறைய உண்டாக்கியிருக்காரு.

மூணு மாசம் சரியா செஞ்சும் போதலனா அடுத்த படி இருக்கு. அவசர லீக்குக்கு டோல்டெரோடின், சோலிஃபெனசின் மாதிரி மாத்திரைங்க, வாய் வறளும், மலச்சிக்கல் கூடும், வயசானவங்களுக்கு குழப்பம் வரலாம். மிராபெக்ரான்னு இன்னொண்ணு, அதுல வறட்சி குறைவு ஆனா பிரஷர் பாத்துக்கிட்டே போடணும், உங்களுக்கு பிரஷர் இருக்குறத கண்டிப்பா சொல்லுங்க. தீட்டு நின்னு அந்த இடம் வறண்டு எரியுறவங்களுக்கு உள்ள வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் நல்லா கேக்கும், மார்புல கேன்சர் வந்தவங்க டாக்டர்கிட்ட சொல்லாம தொடக்கூடாது. எதுக்கும் மசியாத அவசரத்துக்கு பைக்குள்ளயே போடாக்ஸ் ஊசி போடுறதும் உண்டு.

இருமுனா வர்ற லீக்குக்கு ஆபரேஷன்னா, யூரின் குழாய்க்கு அடியில சின்ன டேப் ஒண்ண வச்சு தாங்க வைக்கிறது, 1990-கள்ல ஸ்வீடன் டாக்டர் உல்ஃப் உல்ம்ஸ்டென் கொண்டாந்த முறை, இல்லனா நம்ம வயித்துச் சதை மேல இருக்குற ஜவ்வையே எடுத்து கட்டுறது. நல்ல பலன் உண்டு, ஆனா சிலருக்கு யூரின் போக சிரமம், டேப் உறுத்தி வலினு வரலாம், அதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுதான் கையெழுத்துப் போடணும். இந்த டேப்பும் மெஷ்னு சொல்ற செயற்கை வலையில செஞ்சதுதான், அந்த மெஷ் வலைய தடை பண்ணிட்டாங்களாமேனு பயந்துக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. அமெரிக்காவுல 2019 ஏப்ரல்ல விக்கக்கூடாதுனு நிறுத்துனது உறுப்பு இறக்கத்துக்காக பிறப்புறுப்பு வழியா வைக்கிற பெரிய வலைய, இந்த சின்ன டேப்ப இல்ல. முக்கியமா, இந்த டேப் அவசர லீக்குக்கு உதவாது, அதனாலதான் அந்த நோட்டு எழுதுங்கனு இவ்வளவு கெஞ்சுறேன்.

எங்க போறதுனா, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில மகளிர் பிரிவும் இருக்கு, யூராலஜியும் இருக்கு, காசு இல்லாம பாக்கலாம். ஓபியில எல்லாரு முன்னாடியும் சொல்ல கூச்சமா இருந்தா ஒரு துண்டுச் சீட்டுல "இருமினால் சிறுநீர் கசிவு, 4 வருடம், அவசரம் 1 வருடம், அடி இறங்கும் உணர்வு"னு எழுதி டாக்டர் கையில குடுத்துருங்க. நோட்ட காமிங்க. காப்பீட்டு அட்டை இருந்தா கூட எடுத்துட்டுப் போங்க. பயிற்சி சரியா செய்யுறேனானு ஒரு தடவை கையால பாத்து சொல்லச் சொல்லி கேளுங்க, பெல்விக் ஃப்ளோர் தெரிஞ்ச பொம்பள பிசியோதெரபிஸ்ட் கிடைச்சா இன்னும் நல்லது. அந்த இடத்துல வலி, தாம்பத்யத்துல வலி, யூரின் வர முக்க வேண்டியிருக்குனு இருந்தா மட்டும் நீங்களா பயிற்சி ஆரம்பிக்காதீங்க, சிலருக்கு அந்த சதை தொய்ஞ்சு இல்ல, இறுகிப் போய் கெடக்கும், அவங்களுக்கு மொதல்ல அந்த சதையைத் தளர்த்தக் கத்துக் குடுக்கணும்.

யூரின்ல ரத்தம், காய்ச்சலோட இடுப்பு வலி, யூரினே வராம அடைக்கிறது, கால் மரத்துப் போறது, தீட்டு நின்ன பிறகு திரும்ப ரத்தம், இல்ல ராப்பகலா நிக்காம சொட்டிக்கிட்டே இருக்குறது, இதுல எது இருந்தாலும் மூணு மாசம் எல்லாம் காத்துருக்கக் கூடாது, அன்னைக்கே போயிரணும்.

வீட்டுக்காரருக்கு தெரியாம துணிய தனியா ஒளிச்சு காயப் போடுறதா எழுதியிருக்கீங்க, வாடை வந்துருமோனு தள்ளிப் படுக்குறதாவும். அவரு வேற என்னமோனு நினைச்சுக்கிட்டு இருக்கலாம். உடம்புல இன்ன கோளாறு, மூணு மாசம் பயிற்சி இருக்கு, அண்டா தூக்கக் கூடாதுனு மூணே வரி சொல்லுங்க போதும். துணிய நல்ல வெயில்ல காயப் போடுங்க, இருட்டுல காயுற துணியிலதான் அரிப்பும் புண்ணும் வருது. மாசவிலக்கு பேடு யூரின நல்லா இழுக்காது, மெடிக்கல்ல யூரினுக்குனே பேடு கேட்டா குடுப்பாங்க. இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுல அழகர் எதிர்சேவைக்கு போகலனு எழுதியிருந்தீங்க, 20 வருஷமா விடாம போன ஆளு. அந்தக் கூட்டத்துல நல்லா இருக்குறவங்களே ஒதுங்க இடமில்லாம தவிக்கிறாங்க, நீங்க பயந்ததுல தப்பே இல்ல. அடுத்த சித்திரைக்கு இன்னும் நாள் கெடக்கு, மூணு மாசத்த எண்ணிக்கங்க.

மகளப் பத்தி. உங்களுக்கு வந்ததால அவளுக்கும் வந்தே தீரும்னு இல்ல. கர்ப்பமா இருக்கும்போதே, லீக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, இந்த பயிற்சிய செய்யுறவங்களுக்கு கர்ப்பத்தோட கடைசியிலயும் பிரசவத்துக்கு பிறகு சில மாசத்துலயும் லீக் ஆகுறது குறைவா இருக்கு. இதுக்காக சிசேரியன் கேக்க வேணாம், அது வேற காரணத்துக்கு டாக்டர் முடிவு பண்ண வேண்டியது. ரத்தக்கசிவு, குறைமாச பயம்னு ஏதாவது சொல்லியிருந்தா மட்டும் அவ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, மத்தபடி அதே 8 தடவை, மூணு வேளை, முக்காம, மூச்ச அடக்காம. மல்லாக்கப் படுக்க வேணாம், இடது பக்கம் ஒருக்களிச்சு இல்லனா உக்காந்து செய்யச் சொல்லுங்க. வளைகாப்பு முடிஞ்சு உங்க வீட்டுக்குத்தான் வரப்போறா, ராத்திரி வேளைய ரெண்டு பேரும் சேந்தே செய்ங்க, புள்ள பொறந்து டாக்டர் சொன்னதும் திரும்ப அவள ஆரம்பிக்க வைக்கிறது உங்க பொறுப்பு.